மூணாவது மூலையையும் பார்த்தேன், மல்லிகா

என் வாயாடி ஓரகத்தி மல்லிகாவுக்கு,

பாஸ் ஆயிட்டேன் புள்ள! கணக்குல பாஸ்! கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு தடவை என்னைக் கவுத்த அதே கணக்குல. ஓடி வந்து உங்கிட்டத்தான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு. நீ காய்ச்சல்ல போய்ச் சேர்ந்து ஆறு மாசம் ஆச்சுங்கிறது அப்புறந்தான் உறைச்சுது.

அங்கன்வாடி வேலைக்கு மனு போடப் பத்தாவது வேணும்னுதானே ரெண்டு பேரும் தனித்தேர்வுக்குப் பதிஞ்சோம்? எடப்பாடி தறிப்பட்டறையில துண்டு மடிச்சுக்கிட்டே படிச்சோம். "எம் மருமகளுக ரெண்டு பேரும் கலெக்டராகப் போறாளுக"ன்னு நம்ம மாமியார் தெருவுக்கே கேக்கற மாதிரி நக்கலடிப்பாங்க.

எனக்கு முக்கோணத்துலதான் தகராறு. ரெண்டு கோணம் தொண்ணூறுக்குக் கீழ இருந்தாப் போதும், குறுங்கோண முக்கோணம்னு எழுதிப்புடுவேன். எல்லாம் மடிக்கிற கையோட பழக்கம். ரெண்டு கையிலயும் ரெண்டு மூலையைப் பிடிப்போம், சரியா இருந்தா மடிச்சுப் போட்டுருவோம். தொங்குற பக்கத்தை எவ பாக்கறா? நீ தலையிலடிச்சுக்குவே. "அடிக் கூறுகெட்டவளே, எந்த முக்கோணத்துலயும் ரெண்டு மூலை சின்னதாத்தான் இருக்கும். மிச்சமிருக்கறதப் பாருடி!"

பரீட்சையில அதேதான் கேட்டாங்க. ரெண்டு கோணம் முப்பது, நாப்பது. முக்கோணம் என்ன வகை? கை தானா 'குறு'ன்னு எழுதிடுச்சு. அப்பப் பாத்து உன் குரல் காதுல விழுந்துச்சு, நெசமாலுமே. கூட்டி, நூத்தியெண்பதுல கழிச்சேன். நூத்திப்பத்து! அந்தக் 'குறு'வைப் பரபரன்னு அடிச்சுட்டு, விரிகோண முக்கோணம்னு கொட்டை எழுத்துல எழுதினேன். அந்த மார்க் இல்லைன்னா இந்தத் தடவையும் போயிருக்கும், அப்படி ஓரத்துல நின்னு தேறியிருக்கேன்.

மாமியார் காலையிலிருந்து தெருவெல்லாம் சர்க்கரை கொடுக்கறாங்க. "எம் மருமக கணக்குல பாஸுங்க"ன்னு பால்காரரை நிறுத்திச் சொல்றாங்க. கேட்டியா கூத்தை? அப்புறம் உள்ள வந்து உன் போட்டோ முன்னாடி உக்காந்து அழுதாங்க. நானும்தான்.

மனு எழுதிட்டேன், நாளைக்குக் கொடுக்கறேன். வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும் பன்னெண்டாவது முடிக்காம விடமாட்டேன். இது உம்மேல சத்தியம்.

இன்னொன்னு. ரிசல்ட் பார்க்கறப்ப, மனசு கேக்காம உன் நம்பரையும் போட்டுப் பார்த்தேன். 'தேர்வுக்கு வரவில்லை'ன்னு காட்டுச்சு. எவன் சொன்னான்? நீ வந்தே புள்ள. எம் பக்கத்துலயே உக்காந்து திட்டிக்கிட்டிருந்தே.

உன் திட்டுல தேறின
ஓரகத்தி கோமதி