ஹெட்போனில் என்ன கேட்பாள்

ஜூன் 14, சனி.

மகள் நித்யாவுக்கு ஹெட்போன் வாங்க நானும் அவளும் தேவராஜ மொஹல்லா கடைத்தெருவுக்குப் போனோம். "பேஸ் ஜாஸ்தி பேக்கா?" என்று கன்னடத்தில் கேட்டார் கடைக்காரர். பாட்டில் அதிர்கிற அடிச்சத்தம் தூக்கலாக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். என் காதில் பேச்சு என்று விழுந்தது. "ஐயோ, எங்க வீட்ல பேச்சு ஏற்கெனவே ஜாஸ்திங்க" என்றேன்.

எந்த மாதிரிப் பாட்டு கேட்பாய் என்று அவளைக் கேட்டார். நித்யா கன்னடத்துக்கு மாறி, குரலைத் தணித்தாள்: "ஹாடல்ல. மனே ஜகள கேளிஸ்பார்து."

பாட்டுக்கு இல்லையாம், வீட்டுச் சண்டை காதில் விழக்கூடாதாம். எனக்குக் கன்னடம் பாதிதான் புரியும். அந்தப் பாதியில் இது இருந்து தொலைத்தது. காதை முழுக்க மூடுகிறதையே வாங்கிக் கொடுத்தேன்.

என் மனைவி சரசுவிடம் சொன்னால் அதுவே ஒரு சண்டையாகும். சொல்லவில்லை. சாப்பிடும்போது நானும் சரசுவும் சண்டை போடவில்லை. அப்படியும் நித்யா ஹெட்போனைக் கழற்றவில்லை. அவள் போனை எட்டிப் பார்த்தேன். பாட்டு எதுவும் ஓடவில்லை.