காரவள்ளியில் நிற்கும் பஸ்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

என் வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான் சொல்லியும் டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் அந்த ஊசியைப் போட்டார். அவர் உயிர் போய்விட்டது. இறந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்கு மேல் உடலைக் கொண்டுபோகக் கூடாது என்பது பஹாய் மதத்தைச் சேர்ந்த எங்களுக்கு விதி. கொல்லிமலை மேல் இருக்கும் எங்கள் ஊருக்கு ஏற அதற்கு மேல் ஆகும். அடிவாரத்தில், காரவள்ளியிலேயே புதைத்தோம்.

டாக்டர் மேல் புகார் கொடுக்கச் சொல்லி அண்ணன் விடாமல் நச்சரிக்கிறார். புறம் பேசுவது எங்களுக்குப் பெரிய பாவம்; புகார் கொடுத்தால் அதுவாகிவிடுமோ என்று இன்று எங்கள் சபையில் கேட்டேன்.

"அது பொறம் பேசறதில்ல கண்ணு," என்றார் சபைச் செயலாளர் ராசம்மக்கா. "நாளைக்கு இன்னொருத்தருக்கு இப்படி ஆகக் கூடாதில்ல. நியாயத்தைக் கேளு. மனசுல மட்டும் அவரை மன்னிச்சிரு."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் எழுதி வைத்திருந்த புகாரில் கையெழுத்துப் போட்டேன். மடித்துப் பையில் வைத்தேன்.

பிறகு அந்த டாக்டருக்காகப் பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தேன். பெயர் தெரியும். வாயில் வரவில்லை.

நாளை புகாரோடு போகிற பஸ் காரவள்ளியில் நிற்கும். யாரையும் அன்றைக்கே மன்னித்துவிடுகிற மனுஷன் அங்கே படுத்திருக்கிறார். எந்த முகத்தோடு இறங்குவேன்?