கொசுறு பட்டன்

இன்று காலை ஆபீஸ் அலமாரியைக் குடைந்தபோது, நம் ஆப்பை நாம் முதன்முதலில் ஓட்டிப் பார்த்த பழைய போன் கிடைத்தது. உறையில் இன்னும் மீன் கவிச்சி. அது மூக்கில் ஏறியதும் அழுகை வந்தது, கூடவே உன்மேல் கோபமும் வந்தது. செத்துப்போனவள்மேல் கோபப்படலாமா? தெரியவில்லையடி.

கல்லூரி முடித்த கையோடு குரோம்பேட்டையில் செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் நாம் தொடங்கிய கம்பெனி இது. மீன் விற்கும் பெண்கள் வரவையும் விற்பனையையும் குறித்துக்கொள்ள ஓர் ஆப். கோவளத்தில் மீன் விற்கும் உன் அம்மாதான் அதை முதலில் தொட்டுப் பார்த்தார். "இன்னாடி இது, கொசுறு போட எடமே இல்ல? நாலு மீனு சேத்துப் போடலன்னா எவ வருவா எங்கிட்ட?" அன்றே நீ ஒரு பட்டன் வைத்தாய். ஒரு தட்டு தட்டினால் சும்மா கொடுத்த மீனும் பதிவாகிவிடும்.

பிறகு கென்யாவிலிருந்து, மொம்பாசா மீன் சந்தைக்கு ஆப் வேண்டும் என்று கேட்டார்கள். வெளிநாட்டில் நமக்கு முதல் வாய்ப்பு. நான் அந்தப் பட்டனை எடுத்துவிட்டேன். "நம்ம ஊர்ப் பழக்கத்த அங்க கொண்டுபோனா சிரிப்பாங்கடி" என்றேன். நீ கத்துவாய் என்று பார்த்தேன்.

"அங்கயும் விக்கறது பொம்பளைங்கதான? ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்" என்று மட்டும் சொன்னாய்.

நான் கேட்கவில்லை. இரண்டு வாரம் நாம் பேசவுமில்லை. அப்புறம் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். நான் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நேற்று மொம்பாசாவிலிருந்து மெயில் வந்தது. அங்கேயும் வாடிக்கைக்காரர்களுக்குக் கூடக் கொஞ்சம் அள்ளிப் போடுவார்களாம். அதைக் குறிக்க இடமில்லாததால் மாலையில் இருப்புக் கணக்கு இடிக்கிறது, மீனை விற்கக் கொடுக்கும் முதலாளிகளிடம் பெண்களுக்குத் திருட்டுப் பட்டம். சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. நீ செய்த பட்டனைப் பார்க்கத்தான் அந்தப் போனைத் தேடினேன்.

ஒன்றும் புரியவில்லை. தெரிந்துதான் சொன்னாயா, வாய்க்கு வந்ததைச் சொன்னாயா? செங்கல்பட்டுக்கு ரயில் ஏறவே சலித்துக்கொள்கிறவள், மொம்பாசாவை எப்படியடி கண்டாய்? எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பவள், அன்றைக்கு மட்டும் ஏன் விட்டுவிட்டாய்? என்மேல் நம்பிக்கையா, வெறுத்தே போய்விட்டாயா? காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் வேறொன்று.

பட்டனைத் திரும்ப வைப்பது அரை நாள் வேலை. நாளைக்கு அவர்களோடு வீடியோவில் பேச வேண்டும். இது ஏன் முதலிலேயே இல்லை என்று கேட்பார்கள். இருந்தது, என் தோழி வைத்திருந்தாள், நான்தான் எடுத்தேன் என்று சொன்னால் ஒப்பந்தம் நிற்குமா, போகுமா, தெரியாது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கப்போகிறேன். அவர்களாவது ஏதாவது பதில் சொல்வார்கள்.