செருப்பில்லாத வராந்தா

அக்கா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். யாரையும் காப்பாற்றவும் மாட்டேன்.

பள்ளியிலிருந்து வந்து விடுதிப் படியேறியதுமே பினாயில் வாடை மூக்கில் ஏறியது. வராந்தாவை இன்றும் கழுவித் துடைத்திருக்கிறார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தரை பளபளக்கிறது. எந்தக் கதவுக்கு வெளியேயும் ஒரு செருப்புகூட இல்லை. அந்தச் சுத்தத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பொது அறைக்கு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்களை முதலில் பார்த்தது இதே அறையில்தான். ஏனாத்தூரில் முதுகலை, ஆராய்ச்சி மாணவிகள் தங்கும் இந்த விடுதியின் சமையலறையில் அம்மா அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பள்ளி விட்டதும் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குப் போகாமல் நான் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவேன். அம்மா வேலை முடிக்கும்வரை செய்தித்தாள் மேசையில் படித்துக்கொண்டிருப்பேன்.

"ஏட்டி, நீ எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டீர்கள்.

"நைன்த் பி."

"அப்ப நீதான் இங்க உள்ளதுலயே ஜூனியர். போ, எல்லாருக்கும் டீ ஊத்து" என்று சொல்லிச் சிரித்தீர்கள். தென்காசிப் பக்கத்துப் பேச்சு அது. நான் "டீ ஆறிக்கினு இருக்குதுக்கா" என்றால், நீங்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பீர்கள். பதிலுக்கு நான் உங்கள் "ஏட்டி"யைப் பள்ளிக்குக் கொண்டுபோய் என் வகுப்பு முழுக்கப் பரப்பினேன்.

நீங்கள் தாவரவியலில் ஆராய்ச்சி மாணவி. கூடவே இந்த விடுதியின் மாணவர் பொறுப்பாளர். அது என்ன வேலை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வார்டனும் இல்லை, ஊழியரும் இல்லை; படிக்கிறவர்களில் ஒருவர். ஆனால் கொடிக்கயிற்றுச் சண்டையைத் தீர்ப்பது நீங்கள். புதிதாக வந்தவளுக்கு அறைத்தோழி ஒத்துவருகிறாளா என்று பார்ப்பது நீங்கள். யாருக்காவது ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்துவிட்டால் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதும் நீங்கள். ஒவ்வொருவரும் ஓர் ஊரிலிருந்து வந்து அவரவர் அறையைச் சாத்திக்கொண்டு படிக்கிற இடம் இது. ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தனை பேரையும் இந்த அறைக்கு வரவைத்தது உங்கள் டீதான்.

இதற்கெல்லாம் மேலாக உங்கள் காலை வலம். கையில் டீ டம்ளரோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பீர்கள். கதவுகளைப் பார்க்க மாட்டீர்கள், கீழே கிடக்கும் செருப்புகளைத்தான் பார்ப்பீர்கள். ஈரமாக இருந்தால் குளித்தாயிற்று. ஒன்று கவிழ்ந்து கிடந்தால் கோபம். நேற்று விட்ட இடத்திலேயே அசையாமல் இருந்தால் அந்தக் கதவைத் தட்டுவீர்கள்.

நெல்லூர் ஸ்ரவந்தியின் செருப்பு அப்படி ஒருநாள் அசையாமல் கிடந்தது. விடுமுறை என்பதால் நானும் உங்கள் பின்னால் நின்றிருந்தேன். "எனக்கு யாரும் வேணாம்" என்று உள்ளேயிருந்து அழுகைக் குரல் வந்தது. "நானும் பேச வரலட்டி. டீ ஆறுது, வாங்கிக்கிட்டுக் கதவச் சாத்திக்கோ" என்றீர்கள். கதவு திறந்தது. நேர்முகத் தேர்வில் அவளை எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டியிருந்தார்கள். முந்தைய நாளிலிருந்து அவள் சாப்பிடவில்லை. அன்று நீங்கள் ஆய்வகத்துக்கே போகவில்லை.

உங்களைப் போலவே கேட்டில் காவலுக்கு இருந்த ஸ்டெல்லா அக்காவும் செருப்பைப் பார்க்கப் பழகியிருந்தார். கேட் அறையில் இருந்து நிமிர்ந்தாலே முதல் மாடி வராந்தா முழுதும் தெரியும். பிள்ளைகள் போனை எடுக்கவில்லையென்றால் பெற்றோர்கள் கேட்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டெல்லா அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செருப்பு இருக்குதுமா, இரு, கூப்பிடறேன்" என்பார். இல்லாவிட்டால், "பொண்ணு வெளிய போயிருக்குதுப்பா" என்பார். ஒருமுறையும் தவறியதில்லை.

பிறகு விடுதிகளின் தூய்மையைப் பார்வையிட ஓர் ஆய்வுக் குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. உதவி வார்டன் மேடம் இந்த அறையில் கூட்டம் போட்டார். இனி செருப்புகளையெல்லாம் கீழே படிக்கட்டுப் பக்கத்து அலமாரியில்தான் விட வேண்டும், வராந்தாவில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றார். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். நீங்கள் எழுந்தீர்கள்.

"மேடம், ஸ்டெல்லாக்கா கேட்ல இருந்தே பாத்துத்தான் வீட்டுக்குப் பதில் சொல்லுதாங்க. செருப்பு இல்லன்னா ஆள் இல்லன்னுதான் அவங்க நெனப்பாங்க. ஒருத்தி காய்ச்சல்ல கெடந்தாக்கூடத் தெரியாது."

மேடம் சிரித்தார். "இது ஹாஸ்டலா, கோயில் வாசலா? செருப்பை வெச்சு ஆளைத் தேடறதுக்கு? எல்லார்கிட்டயும் போன் இருக்குல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "குழு போனதும் பழையபடி வெச்சுக்கலாமா மேடம்?" என்று கேட்டீர்கள். "பார்க்கலாம்" என்றார்.

குழு வந்தது, போனது. தூய்மையான விடுதி என்று ஒரு கேடயமும் வந்தது. கேடயம் வந்த பிறகு வராந்தாவில் செருப்பு விட மேடம் சம்மதிக்கவே இல்லை. நீங்கள் மறுபடி கேட்டதும் எனக்குத் தெரியும். கதவைத் தட்டிப் பார்ப்பது என்று உங்கள் வலத்தை மாற்றிக்கொண்டீர்கள். எல்லோர் கதவையும் நீங்கள் தட்டினீர்கள். உங்கள் கதவைத் தட்ட ஒருவரும் இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு விடுதி காலியானது. சமையலறையை மூடினார்கள். ஆய்வு வேலை பாக்கி இருந்ததாலும், யாராவது ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பதாலும் நீங்கள் தங்கிவிட்டீர்கள். காய்ச்சல் வந்தது. உங்கள் அப்பா கூப்பிட்டபோது லேசான தலைவலி என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு நீங்கள் போனை எடுக்கவில்லை. அவர் கேட்டுக்குக் கூப்பிட்டார். ஸ்டெல்லா அக்கா நிமிர்ந்து பார்த்தார். உங்கள் கதவுக்கு வெளியே செருப்பு இல்லை.

"பொண்ணு வெளிய போயிருக்குதுப்பா. பொங்கல் இல்ல, கோயிலுக்குப் போயிருக்கும்" என்றார்.

அப்பா நிம்மதியாக போனை வைத்தார். மறுநாளும் கூப்பிட்டார், அதே பதில்தான். விடுமுறை முடிந்து திரும்பிய ஸ்ரவந்திதான் உங்கள் கதவைத் தட்டினாள். மருத்துவமனையில் டெங்கு என்றார்கள், இவ்வளவு தாமதமாகவா கொண்டுவருவது என்றும் கேட்டார்கள். உங்களைக் காப்பாற்ற முடியவில்லை.

உங்கள் அப்பாவிடம் மேடம் சொன்னதை அம்மா பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். "செக்யூரிட்டி மேல போய்ப் பார்க்கவே இல்ல சார். உட்கார்ந்த இடத்துலயே வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கா. அவளை நிறுத்திட்டோம்." உங்கள் அப்பா அழவில்லையாம். "அந்தப் பொம்பளய என் கண்ணுல காட்டாதீய" என்று மட்டும் சொன்னாராம்.

நான் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். "தப்புதான்மா. செருப்பு கீழ வெக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சிக்கினுதான் மேல பாத்தேன். கண்ணு பாத்துச்சு, வாய் சொல்லிடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் தவறை நான் மறைக்கவில்லை, அக்கா. ஆனால் அந்தக் கண்ணை ஏமாற்றிய வராந்தாவை உண்டாக்கியவருக்குக் கேடயம், ஏமாந்தவருக்கு வேலை போயிற்று. உங்கள் அப்பா ஊரில் உட்கார்ந்துகொண்டு தவறான ஆளைச் சபித்துக்கொண்டிருந்தார். இதை மாற்றாமல் விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வாய்ப்பை மேடமே கொடுத்தார். உங்கள் படத்திறப்புக்கு நாள் குறித்தார்கள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிற பெண் என்று என்னைக் கூப்பிட்டார். "உருக்கமா பேசு, சுருக்கமா பேசு. செக்யூரிட்டி விஷயமெல்லாம் வேணாம்மா" என்றார்.

சமையலறையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "என் வேலை அவங்க கைல இருக்குது. உன் வாயும் என் வாய் மாதிரி இருக்கட்டும்."

"உன் வாய் எப்படிமா இருக்குது?"

"மூடிக்கினு இருக்குது."

உண்மையைச் சொல்வதாகத் தொடங்கியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் அஞ்சலி செலுத்தப் போகவில்லை, பழிவாங்கத்தான் போனேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் மேடத்தைப் பார்க்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

உங்கள் படத்தை அந்தக் கேடயத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்கள். முன்வரிசையில் உங்கள் அப்பா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கொடிக்கயிற்றுச் சண்டையைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை டீயைச் சொன்னேன். காலையில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே நீங்கள் வரும் வலத்தைச் சொன்னபோது பலர் அழுதார்கள். மேடமும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகுதான் செருப்புக்காக மேடம் போட்ட அந்தக் கூட்டத்தின் கதைக்கு வந்தேன். நீங்கள் சொன்னதை உங்கள் குரலில் சொன்னேன். மேடம் சொன்னதை அவர் குரலில் சொன்னேன், அந்தச் சிரிப்போடு.

"இது ஹாஸ்டலா, கோயில் வாசலா?"

குரல் அச்சாக அமைந்துவிட்டதால் பின்வரிசையில் இரண்டொருவர் தங்களை அறியாமல் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

உங்கள் அப்பா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "அம்மா, நீங்க அப்படிச் சொன்னீயளா?"

"சார், அது கமிட்டி வர்ற நேரம். ஒரு சூழ்நிலையில..."

"சொன்னீயளா, இல்லியா?"

மேடம் என்னைப் பார்த்தார். நானும் பார்வையைத் திருப்பவில்லை. அப்போது பக்கவாட்டில் ஸ்ரவந்தி எழுந்து நின்றாள். "சொன்னாங்க அங்கிள். மேமு அந்தா..." என்று தெலுங்கில் தொடங்கி, "நாங்க எல்லாரும் சிரிச்சோம்" என்று முடித்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள், பிறகு இன்னும் சிலர். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளக்கூட மறந்து நின்றதைப் பார்த்தேன். எனக்கு இனித்தது, அக்கா. இனிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

அப்பா படத்துக்குப் பூ போட்டார். என்னிடம் வந்து, "அந்த கேட்டுக்காரம்மா வீடு தெரியுமா?" என்று கேட்டார்.

அம்மாவும் கூட வந்தாள். "சாம்பாரப் பாத்துக்க" என்று இன்னொருவரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, மேடத்தின் முன்னாலேயே நடந்து வந்தாள்.

எங்களைப் பார்த்ததும் ஸ்டெல்லா அக்கா கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். "ஐயா, அடிக்கணும்னா அடிச்சிட்டுப் போயிடுங்க. ஒண்ணும் கேக்காதீங்க" என்றார்.

"ஒங்கள இத்தன நாளா ஏசிக்கிட்டே இருந்தேம்மா, ஏச வேண்டிய ஆள விட்டுட்டு. மனசுல வெச்சுக்கிடாதீய" என்றார் உங்கள் அப்பா. பிறகு, "கொஞ்சம் தண்ணி தருவீயளா?" என்று கேட்டார். ஸ்டெல்லா அக்கா கொண்டுவந்த சொம்பை இரு கைகளாலும் வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதார். ஸ்டெல்லா அக்காவும் உள்ளே உட்கார்ந்து அழுதார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்துவிட்டாள்.

ஸ்டெல்லா அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மேடம் இன்னும் மேடமாகத்தான் இருக்கிறார். எழுந்து நின்ற மாணவிகளும் செருப்பைக் கீழேதான் விடுகிறார்கள். விடுதிப் பாக்கி இல்லை என்று மேடம் கையெழுத்துப் போட்டால்தான் அவர்களால் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். அம்மாவை அடுத்த வாரத்திலிருந்து பையன்கள் விடுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். "அங்க கரண்டி பெருசா இருக்குது, அவ்ளோதான்" என்கிறாள். ஊழியர் வீட்டுப் பிள்ளைகள் இனி பொது அறைக்கு வரக் கூடாது என்றும் உத்தரவு. நான் இங்கே உட்கார்ந்து எழுதுவது இன்றோடு சரி.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "இந்த வயசுல இவ்வளவு வன்மமா உனக்கு?"

"ஆமா மேடம்" என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால், "ஏட்டி, விட்டுத்தள்ளு" என்றிருப்பீர்கள். யார் எது செய்தாலும் அப்படித்தான் சொல்வீர்கள். உங்களிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான். இதை நான் விடப்போவதில்லை. முதுகலைக்கு இங்கேதான் வருவேன். ஊழியர் வீட்டுப் பிள்ளையாக இல்லை, இடம் வாங்கிய மாணவியாக வருவேன். உங்கள் பொறுப்பைக் கேட்டு வாங்குவேன். காலையில் டம்ளரோடு அந்த வராந்தாவில் நடப்பேன். நான் நடப்பதை மேடம் தினமும் பார்க்க வேண்டும். பார்க்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் ஞாபகம் அவருக்கு வர வேண்டும். நான் வைத்திருப்பது இந்தக் கோபத்தைத்தான், அக்கா. இதைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

மேடம் வாசலில் வந்து நிற்கிறார். அறையைப் பூட்ட வேண்டுமாம். இன்னும் கொஞ்சம் இருக்கிறது மேடம், முடித்துவிட்டு எழுந்துவிடுகிறேன் என்றேன். அவர் விளக்குகளை அணைத்துவிட்டார்.