கன்றுக்குட்டிச் சீரம்

நாள் 212 – 09:10
செவ்வாய், மூன்றாம் நிலையம். எழுதுவது சகாயமேரி, நரம்பியல் ஆய்வாளர். மற்ற மூவரும் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த கலம் வர எழுபது நாள். காற்று, தண்ணீர் சரி. சரியில்லாதது என் வலது கை. சூரியப் புயலுக்குப் பிறகு, தசையை அசைக்கும் நரம்புச் செல்கள் சாகின்றன. என் தோலிலிருந்தே அந்த வகைச் செல்களைத் தட்டில் வளர்த்து மருந்து தேடுகிறேன். இன்று பாலிஅமீன் விட்டேன். அடிபட்ட நரம்பு மறுபடி முளைக்க, உடம்பு ஒரு நொதியை வைத்துத் தானே செய்துகொள்ளும் சரக்கு அது.

நாள் 215 – 11:30
எல்லாம் செத்துவிட்டன. ஆறாவது தட்டு! சே! பேனா பிடிக்க முடியவில்லை, இடது கையால் தட்டச்சு செய்கிறேன்.

நாள் 217 – 15:05
தரைநிலையத்திலிருந்து இசக்கியப்பன்: "யக்கா, பாலிஅமீன்தான் வெஷம்னு நிபுணர் குழுல முடிவு பண்ணிட்டாவ. அதச் செய்ற நொதிய முடக்க மாத்திர இருக்காம். மருந்துப் பெட்டகத்த இங்கேருந்தே தொறந்து விடுதோம், போட்டுக்கிடுங்க."
அவசரக்குடுக்கைகள். ஆனால் என்னிடமும் வேறு பதில் இல்லை. போட்டுக்கொண்டேன்.

நாள் 221 – 10:40
இடது கையும் போகிறது. இனி குரல் பதிவுதான்.
செல் வளர்க்கிற எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கன்றுக்குட்டிச் சீரம், அதாவது அதன் இரத்தத் தெளிநீர், தீனியாக ஊற்றுவோம். இருபது வருடமாக நானும் ஊற்றுகிறேன். அது தீர்ந்துபோனதால் ஏழாவது தட்டைச் சீரம் இல்லாமல், பாலிஅமீன் மட்டும் விட்டு வைத்தேன். முளைத்திருக்கிறது! கன்றுக்குட்டியின் இரத்தத்திலும் ஒரு நொதி உண்டு. பாலிஅமீனை உடைத்து விஷமாக்கியது அதுதான். மடச்சி, மடச்சி! எனக்கு வேண்டியதைச் செய்கிற நொதியை நானே மாத்திரை போட்டு முடக்கியிருக்கிறேன். பாலிஅமீன் குப்பி மேசையில் இருக்கிறது. ஊசிகள் மறுபடி பூட்டிக்கொண்ட பெட்டகத்தில். பூட்டைத் திறக்கச் சொல்லித் தகவல் அனுப்பினேன்.

நாள் 223 – 14:20
"யக்கா, பரிசீலிக்காவளாம்."
பரிசீலிக்கிறார்களாம்! விரல் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, இவர்களுக்குக் கூட்டம் போடணுமாம்.

நாள் 226 – 08:15
"யக்கா! ஒத்துக்கிட்டாவ! பெட்டகம் தொறந்தாச்சு. ஒடனே போட்டுக்கிடுங்க!"
திறந்திருக்கிறது. ஊசி தெரிகிறது. குப்பியும் பக்கத்தில்தான். தோளுக்குக் கீழே எதுவும் அசையவில்லை. குப்பியின் மூடியைப் பல்லால் கடித்துப் பார்த்தேன். குப்பி நழுவி மேசைக்கு அடியில் போய்விட்டது.
மூச்சு பாதியில் நிற்கிறது.
போட்டுக்கணுமாம்.
இசக்கி... யாருப்பா போடுறது?