வரிக்குதிரை எண் 417

2064 ஆகஸ்ட் 14, வியாழன். காலை 6:50

ஓல்கெரி வனவிலங்குக் காப்பகம், கென்ய எல்லை, தெற்குப் பகுதி. பதிபவர் எஸ்தர் நவமணி, கால்நடை மருத்துவர். நாமக்கல்லில் கோழிக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டு, பதினோரு வருடமாக இங்கே சிங்கத்துக்குப் போட்டுக்கொண்டிருப்பவள். மணிக்கட்டுக் கருவியில் பேசிப் பதிகிறேன். வெப்பம் 31. மழை இல்லாத 212ஆம் நாள். சிங்கம் ஒன்பது. வரிக்குதிரை அறுபத்தொன்று, முந்தாநாள் அறுபத்து மூன்று.

உள்ளே ஒரே ஒரு சுற்றுலா வண்டி. ஈரோட்டுக்காரர்கள் பதினான்கு பேர். அவர்களுடைய வழிகாட்டி சென்னியப்பனின் முகத்தை நான் பார்த்ததில்லை. தினமும் காலையில் ரேடியோவில் வந்துவிடுவார்.

ரேடியோ, சென்னியப்பன்: "மேடம், கும்பிடறனுங்க. இன்னிக்காவது சிங்கத்தக் காட்டிப்போடுங்க. வேட்டையாடறதப் பாக்கோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. மூணு நாளா மானயே காட்டறியேன்னு என்னைய வறுத்தெடுக்கறாங்க."

சிங்கம் ஆபீஸ் நேரம் பார்த்து வேலை செய்யாது என்று சொல்லிவிட்டு, குட்டை இருக்கும் திசையைச் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும். பயணி வராவிட்டால் இந்தக் காப்பகத்தை நாளைக்கே உழுது சோளம் போட்டுவிடுவார்கள்.

இதற்காகத்தான் வண்டிக் கண்ணாடிக்கும் மூன்று வருடம் முன்பு கையெழுத்துப் போட்டேன். அது கண்ணாடியே இல்லை, திரை. கூரைக் கேமரா மிருகத்தின் கழுத்துப்பட்டை எண்ணைப் படிக்கும். எலும்பும் தோலுமாக நிற்பதைக் கொழுகொழுவென்று மாற்றித் திரையில் காட்டும். எல்லா மிருகத்துக்கும் பட்டை உண்டு. பார்ப்பவர்களுக்கு மனநிறைவு. மிருகத்துக்குச் சோறு கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

வியாழன். மாலை 5:20

காப்பகத்தை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டது. பணியாளர்கள் நாளை நண்பகலுக்குள் வடக்கு வாசலுக்குப் போய்ப் புதிதாகக் கைரேகை வைக்க வேண்டுமாம். போக 70 கிலோமீட்டர், வர 70. வரிக்குதிரைகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்கும்போது நான் போய் விரலை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

வனக் காவலர் லெமாயான், இங்கே என்னை விடப் பதினைந்து வருடம் மூத்தவர், போய்விட்டு வந்துவிடலாம் என்றார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு வரிக்குதிரையை அறுத்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றேன். சரி என்று அறுக்கும் கத்தியைத் தீட்டப் போய்விட்டார். அவர் சுபாவம் அது.

15, வெள்ளி. பகல் 12:09

லெமாயான் இறந்துவிட்டார்.

சரியாகப் பன்னிரண்டுக்கு ரேடியோவில் தானியங்கி அறிவிப்பு: "பழைய பணியாளர் பட்டியல் நீக்கப்பட்டது." ஜீப் தானாகப் பூட்டிக்கொண்டது. காவல் ட்ரோன் ஒன்று வேலமரத்துக்கு மேலே வந்து நின்றது. பட்டியலில் இல்லாத மனிதன் வேட்டைக்காரன். ஒன்பது விநாடி எச்சரிக்கை, பிறகு சுடும். பத்து வருடமாக இந்த ஏற்பாட்டால்தான் ஒரு கொம்பு கூடத் திருடு போகவில்லை என்று மேடை ஏறிப் பேசியிருக்கிறேன்.

லெமாயான் நாற்பது அடி தள்ளி நின்றார். அவர் கடைசியாக ஸ்வாஹிலியில் கத்திச் சொன்னது: "டாக்டர், எழுந்திருக்காதே. அப்படியே படுத்திரு." தனக்கு இருந்த ஒன்பது விநாடியை எனக்குச் செலவழித்துவிட்டார்.

நான் செத்த வரிக்குதிரையின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கவிழ்ந்து கிடந்தேன். அதன் கழுத்துப்பட்டை என் நெஞ்சுக்கடியில் இருந்தது. ட்ரோன் என் தலைக்கு மேலே வந்து, நின்று, போய்விட்டது.

வெள்ளி. பகல் 1:15

பட்டையின் கொக்கியைத் திறந்து எடுத்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எண் 417, பெண், ஐந்து வயது. எழுந்து நின்றேன். ட்ரோன் திரும்பி வந்து பார்த்தது. சுடவில்லை. பட்டை மாட்டியிருந்தால் அதற்கு மிருகம்.

என் ரேடியோவில் கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. பேசும் உரிமையும் பட்டியலோடு போய்விட்டது. புதிய பட்டியல் திங்கட்கிழமை வரும், அதில் என் பெயர் இருக்காது. நான்தான் கைரேகை வைக்கவில்லையே. வேலியின் கதவு மிருகத்துக்குத் திறக்காது. மிச்சம் இருப்பது சுற்றுலா வண்டி மட்டும்தான். கதவைத் திறக்கும் பிடி சென்னியப்பன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஏறிவிட்டால் பிழைத்தேன், வண்டியை ட்ரோன் சுடாது.

லெமாயானின் முகத்தில் என் சட்டையைப் போர்த்தினேன். அவரைப் போக விடாமல் பிடித்து வைத்தது நான். இதை யார் கேட்டாலும் அவர் மனைவி நோலாரியிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் மேல் தவறில்லை.

16, சனி. காலை 6:58

வண்டி வந்தது. சேறு மட்டும் மிச்சமிருக்கும் குட்டைக்கு அருகே நின்றது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன், கத்தினேன். உள்ளே வெளிச்சத்தம் கேட்காது. சிங்கம் கர்ஜிப்பதைக் கூட ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கேட்பார்கள்.

ரேடியோ, சென்னியப்பன்: "மேடம், எங்கீங்க, நேத்துலருந்து பதிலே காணோம்? லீவுங்களா? சிங்கம் இல்லாட்டிப் போகுது, இங்க ஒரு வரிக்குதிர வந்து வண்டிய ஒட்டியே நிக்குதுங்க. இப்பிடி நான் பாத்ததே இல்ல."

அப்போதுதான் புரிந்தது. இந்தப் பட்டை கழுத்தில் இருக்கும் வரை திரையில் நான் வரிக்குதிரை. நன்கு கொழுத்தது, பளபளப்பானது.

கைகூப்பினேன். அவர் ரேடியோவை அணைக்க மறந்திருந்தார். உள்ளே ஒரு கிழவியின் குரல்: "ஏனுங் தம்பி, அது முன்னங்கால ரெண்டையும் தூக்கி நம்மளயக் கும்புடுதுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். கல்லை எடுத்து எறிந்தேன். "உதைக்குது உதைக்குது, வண்டிய எடுங்க" என்றார் ஒருவர். சேற்றால் கதவில் எழுதியிருப்பேன், ஆனால் பட்டையைச் சுற்றி ஆறடிக்குக் கேமரா எல்லாவற்றையும் புல்லாக்கிவிடும். அந்த ஆறடி போதும் என்று சொன்னதும் நான்தான்.

வண்டி போய்விட்டது. உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம்தான். கண்ணீரை வீணாக்கும் நிலையில் இல்லை.

சனி. மாலை 4:30

குட்டைக்கரை வேலமரத்தின் மேல் இருக்கிறேன். தொடையில் முள் ஏறியிருக்கிறது. கீழே மூன்று பெண் சிங்கங்கள். மூன்றையும் பிறந்த அன்றே எடை போட்டவள் நான். நடுவில் இருப்பதற்குப் புட்டியில் பால் கொடுத்திருக்கிறேன். அதற்கு என்னைத் தெரிகிறதா என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, முன்காலை மரத்தில் வைத்து உயரம் பார்த்தது.

ட்ரோன் மேலேதான் சுற்றுகிறது. சிங்கம் வரிக்குதிரையைத் தின்பதில் அதற்கு ஆட்சேபணை இல்லை. எனக்கும் இருந்ததில்லை. போன மாதம் சேற்றில் சிக்கிய யானைக்குட்டியைத் தூக்கிவிடச் சொல்லிப் பயணிகள் அழுதார்கள். இயற்கையில் கை வைக்கக் கூடாது என்று மறுத்தேன். மூன்று நாள் கத்திச் செத்தது. அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். தூக்கிவிட்டிருக்கலாம்.

தண்ணீர் முடிந்துவிட்டது.

17, ஞாயிறு. காலை 6:20

நாக்கு தடித்துவிட்டது. பேச்சு குழறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கங்கள் நூறு கஜம் தள்ளிப் படுத்திருக்கின்றன, முகம் இந்தப் பக்கம். இன்னொரு நாள் மரத்தில் தாங்க மாட்டேன். மயங்கி விழுந்தால் அவற்றின் வாயில்தான்.

ஒரு வழி இருக்கிறது. வண்டி வந்து நின்றதும் இறங்கிக் கேமராவுக்கு நேராக நின்று பட்டையைக் கழற்றுவேன். கொக்கி திறந்தால் பட்டை அணைந்துவிடும், திரையில் மனுஷியாகத் தெரிவேன். ஒன்பது விநாடி. சென்னியப்பன் நல்ல மனிதர், முதல் நாளே என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவர். ஒரு மனுஷி நிற்கிறாள் என்று தெரிய இரண்டு விநாடி. பிடியை இழுக்க ஒன்று. நான் ஏற மூன்று. மூன்று மிச்சம்.

வாழ ஆசையாக இருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். என் தங்கை நெல்சியைப் பார்க்க வேண்டும், வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஞாயிறு. காலை 6:43

வண்டி நின்றுவிட்டது. இறங்கிவிட்டேன். சிங்கங்கள் எழுந்துவிட்டன. ட்ரோன் மேலே. கழற்றுகிறேன்.

ஒன்று. இரண்டு.

ரேடியோ, சென்னியப்பன்: "அய்யோ, யாருங்க அது? பொம்பள. மேலெல்லாம் ரத்தமா நிக்கறா."

சென்னியப்பன், நான்தான் டாக்டர். கதவு. கதவைத் திறங்க.

ரேடியோ, ஆண் குரல்: "கையில என்னான்னு பாருங்க. பட்டைங்க அது. நேத்து நம்மளயக் கும்புட்ட வரிக்குதிரயக் கொன்னுபோட்டு, பட்டையக் கழட்டி வெச்சிருக்கறா."

ரேடியோ, கிழவியின் குரல்: "அட நாசமாப் போறவளே. வாயில்லா சீவன் அது, உன்னைய என்ன பண்ணுச்சு?"

ஐந்து. இல்லை, நான் கொல்லவில்லை. சென்னியப்பன், பிடி, உங்கள் பக்கத்தில். மறுபடி மாட்டிக்கொள்கிறேன். கொக்கி. கொக்கி விழ மாட்டேன் என்கிற

ஞாயிறு. காலை 6:44. தானியங்கிப் பதிவு. பதிபவரின் நாடித்துடிப்பு இல்லை. ரேடியோ ஒலி மட்டும்.

சென்னியப்பன்: "ஒண்ணுமில்லீங்க, ஆருமே பயப்பட வேண்டாம். ட்ரோன் பாத்துக்கிச்சு. அந்த வரிக்குதிரதான் பாவம். இன்னிக்குனு பாத்து டாக்டரம்மாவும் லைன்ல இல்ல, அவங்க கேட்டா மனசொடஞ்சு போயிருவாங்க."

ஆண் குரல்: "அதுக்குத்தான் அனுபவிச்சுட்டாளே. தம்பி, போலாங்களா? இதப் போய்ப் பாத்துக்கிட்டு."

சென்னியப்பன்: "சித்த இருங்க. எடது பக்கம் பாருங்க, மூணு சிங்கம் வருதுங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் விழாம வாங்க, எல்லாருக்கும் நல்லாத் தெரியும்."