நூலகச் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம்

பெக்வித் பாலம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பிரையனிக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ஓவனும் குழந்தையும் வெலிங்டனில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பாவுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, மறதிதான் கூடிக்கொண்டு போகிறது. எனக்கும் கோபத்தைத் தவிர வேறு நோவு இல்லை. போனில் சொன்னால் கத்திவிடுவேன், குழந்தை பயந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா வாரம் இரண்டு நாள் போய்வந்த பகல் பராமரிப்பு மையம் உனக்குத் தெரியுமே. அங்கே போகிற நாளில் அவரே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார், மற்ற நாளில் என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டபடி இருப்பார். அந்த இரண்டு நாளில்தான் நான் போய் நூலகத்தைத் திறப்பேன். அதில் வேலை பார்த்தவர்களை மூன்று வருஷத்துக்கு முன் நகர மன்றம் வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து நானும் என் தோழி எனிட்டும் இன்னும் ஒன்பது பேரும் சம்பளம் வாங்காமல்தான் நடத்திவந்தோம். போன மாதம் மன்றக் கூட்டத்தில் முதலில் கவுன்சிலர்களுக்கான படித்தொகையைக் கால் பங்கு உயர்த்தினார்கள், அடுத்ததாக மையத்தை மூடும் பேச்சை எடுத்தார்கள். ஒரே கூட்டம், ஒரே மேஜை! மன்றத் தலைவர் ரோலண்ட் பிக்கர்ஸ்டாஃப் எழுந்து, "பணம் இல்லீங்க, ஆனா நம்ம ஊர்த் தன்னார்வலர்கள் தங்கமானவங்க, நூலகத்தை எப்படி நடத்துறாங்க பாருங்க, மையத்தையும் அவங்ககிட்டயே குடுத்துடலாம்" என்று எங்களைப் பார்த்துக் கைதட்டினார். எனிட் என் விலாவில் இடித்து, "அடுத்து ரோட்டுக் குழியையும் நம்மளத்தான் அடைக்கச் சொல்வான்" என்றாள்.

படி உயர்வுக்குக் கை தூக்கியவர்களில் கவுன்சிலர் டோனாவும் ஒருத்தி, முதியோர் இல்லத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறாளே, அவள்தான். எனக்கு அடக்க முடியவில்லை. உனக்கு வெட்கமாக இல்லையா என்று சபையிலேயே கத்திவிட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்து, "இல்ல ஹேசல், வெட்கமா இல்ல. இங்க வர்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு ஷிப்டு போகுது. இந்தப் படியும் இல்லன்னா நான் விட்டுட்டுப் போயிடுவேன், இந்த நாற்காலியில இன்னொரு ரோலண்டுதான் வந்து உட்காருவாரு. ஆனா மையத்தை மூட நான் கை தூக்க மாட்டேன்" என்றாள். தூக்கவும் இல்லை. அவளையும் சேர்த்து எதிர்த்தவர்கள் நான்கே பேர். ஆனாலும் என் கோபம் அடங்கவில்லை.

கைப்பையிலிருந்து நூலகச் சாவியை எடுத்து ரோலண்டின் முன்னால் வைத்தேன். "எங்களைக் காட்டித்தானே நீங்க மத்தவங்களோட வேலையைப் பறிக்கிறீங்க, இனிமே எங்களுக்கு விருப்பமில்ல" என்றேன். எனிட் வந்து தன் சாவியை வைத்தாள், பிறகு மற்றவர்களும். அவர் சிரித்துக்கொண்டே, "கோபத்துல இருக்கீங்க, ஒரு டீ குடிச்சிட்டு யோசிங்க" என்றார். அந்த டீயையும் நாங்கதான் போட்டோம் என்று எனிட் சொன்னதும் சபையே சிரித்தது, அவர் முகம்தான் சிவந்துபோயிற்று.

மூன்று வாரம் நூலகம் பூட்டிக் கிடந்தது. ஊரெல்லாம் என்னைக் கொண்டாடியது என்று நினைக்காதே. தபால் நிலையத்தில் ஒரு தாய் என்னை நிறுத்தி, "உங்க கோபத்துக்கு எங்க பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை, நான் செய்ததும் தப்பில்லை, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. நூலகம் எப்போது திறக்கும் என்று கேட்டு மன்றத்துக்குப் போன்மேல் போன் போயிருக்கிறது. கடைசியில் இறங்கிவந்தார்கள். சம்பள ஆட்கள் இரண்டு பேரோடு மையம் வாரம் ஒரு நாள் நடக்குமாம். நூலகத்தை நாங்கள் மறுபடி திறந்தோம், மையத்தைக் கையில் வாங்க மட்டும் மறுத்துவிட்டோம். இதைத் தன் சாதனை என்று ரோலண்ட் ஊர்ப் பத்திரிகையில் படத்தோடு போட்டுக்கொண்டார். உன் அப்பாவுக்கு ஒரு நாள் போனது போனதுதான். நேற்று கதவருகே கோட்டைப் போட்டுக்கொண்டு காலையெல்லாம் மையத்து வண்டிக்காகக் காத்திருந்தார், இன்றைக்கு வராது என்று நான் ஐந்து தடவை சொன்னேன்.

இன்னொன்று, சிரிக்காதே. நேற்று மாலை டோனா வந்தாள். எங்கள் வார்டு கவுன்சிலர் இடம் காலியாகிறது, தேர்தலில் நீங்க நில்லுங்க என்றாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜெயித்தால் அந்தப் படியை ஒரு பென்னி விடாமல் வாங்குவேன், கூட்ட நாளில் அப்பாவோடு உட்கார ஆள் வைப்பேன், அந்த ஆளுக்கு முழுச் சம்பளம் கொடுப்பேன். பேராசைக்காரி என்று யாராவது சொல்லட்டும், சபையில் டோனாவிடம் நான் கேட்டதை அவர்களும் என்னிடம் கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

குழந்தையின் படத்தைத் தாளில் அச்சடித்து அனுப்ப மறக்காதே, போனில் காட்டினால் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. தாளில் இருந்தால் கையிலேயே வைத்துக்கொள்வார். நீங்கள் மூவரும் குறைவில்லாமல், ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நெடுநாள் வாழ வேண்டும்.

கோபம் தீராத உன் அம்மா,
ஹேசல்